குடலில் நரம்பு இருக்கிறதா? எனிமா படம், மானோமெட்ரி, பயாப்ஸி: எதை நம்புவது

அக்காவின் மகன் பிறந்து இரண்டு நாள் கழிந்தும் காட்டுப்பீ போகவில்லை. பிறந்த குழந்தை முதன்முதலில் போகும், தார் போல ஒட்டும் கரும்பச்சை மலத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். மூன்றாம் நாள் வயிறு உப்பிக்கொண்டது. அம்மா வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைத்தார். காற்றும் மலமுமாகப் பீய்ச்சி அடித்தது. வயிறு வடிந்தது, பிள்ளை தூங்கிவிட்டான். “வாயுதான், வேற ஒண்ணும் இல்ல” என்று அம்மா கதையை முடித்தார்.

அந்தப் பீய்ச்சலே ஒரு துப்பு என்பது ஐந்து வாரம் கழித்துத்தான் எங்களுக்குப் புரிந்தது. குழந்தைகள் அறுவை மருத்துவர் சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்து எடுத்தபோதும் அதே பீய்ச்சல். அவர் சந்தேகப்பட்டது ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயை. அடுத்த சில வாரம் எனிமா படம், முதல் பயாப்ஸி, இரண்டாம் பயாப்ஸி என்று அலைந்தோம். நடுவில் ஒருவர் மானோமெட்ரி, அதாவது மலக்குடலின் அழுத்தத்தை அளக்கும் சோதனை, எடுத்தாலே போதும் என்றார். எந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று அன்று யாராவது உட்கார்ந்து விளக்கியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். நான் மருத்துவர் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு நிறையப் படித்துவிட்டேன், நிறைய மருத்துவர்களைத் தொந்தரவும் செய்துவிட்டேன்.

முதலில் நோய். கரு வளரும்போது, சுமார் 5ஆம் வாரத்திலிருந்து 12ஆம் வாரம் வரை, நரம்புச் செல்கள் குடலின் மேல்முனையிலிருந்து கீழ்நோக்கிப் போய் ஆசனவாய் வரை குடியேற வேண்டும். சில குழந்தைகளுக்கு அந்தப் பயணம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. நின்ற இடத்துக்குக் கீழே உள்ள குடலில் நரம்புச் செல் கிடையாது. அப்படிப்பட்ட குடலுக்குத் தளரத் தெரியாது, இறுகியே கிடக்கும். மலம் அங்கே வந்து தேங்கும். மேலே இருக்கிற நல்ல குடல் தள்ளித் தள்ளிப் பார்த்துக் கடைசியில் வீங்கிப்போகும். ஏறக்குறைய 5,000 பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு இது வருகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு நான்கு மடங்கு அதிகம். பத்தில் எட்டுப் பேருக்கு மலக்குடலும் அதை ஒட்டிய சிக்மாய்டு வளைவும் மட்டும்தான் பாதிப்பு. சிலருக்குப் பெருங்குடல் முழுவதுமே. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு வாய்ப்பு கூடுதல்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்றார்களே என்று மாமா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஸ்கேன் பார்ப்பது உருவத்தை. இந்தக் குடலுக்கு உருவத்தில் குறையே இல்லை, நீளம் சரி, துவாரம் சரி. இல்லாதது மைக்ராஸ்கோப்பில் மட்டுமே தெரிகிற செல். அதனால் வயிற்றில் இருக்கும்போதே இதைக் கண்டுபிடிப்பது அபூர்வம். ஸ்கேன் பார்த்தவர் மேல் கோபப்படுவதில் நியாயமில்லை.

மருத்துவ உலகமே இதில் ஏமாந்த கதை உண்டு. கோபன்ஹேகனில் குழந்தை மருத்துவராக இருந்த ஹரால்டு ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886இல் பெர்லினில் நடந்த கூட்டமொன்றில், பெருங்குடல் பூதாகரமாக வீங்கி இறந்த இரண்டு குழந்தைகளைப் பற்றிப் பேசினார். வீங்கிய குடல்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது. அதுதான் நோய் என்று நினைத்து அதை வெட்டியெடுத்தார்கள், தொல்லை திரும்ப வந்தது. 1948இல் பாஸ்டனில் அறுவை மருத்துவர் ஓர்வர் ஸ்வென்சன் அதைப் புரட்டிப்போட்டார். வீங்கியது நல்ல குடல், கீழே பார்வைக்குச் சாதாரணமாக, கொஞ்சம் ஒடுங்கிக் கிடப்பதுதான் கெட்ட குடல் என்று சொல்லி, அந்த ஒடுங்கிய பகுதியை அகற்றி நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைத்தார். இன்றைய சோதனைகளை எடைபோடும்போதும் இந்தக் கதை உதவும். படம் எடுக்கிற சோதனை எதுவானாலும் அது காட்டுவது வீக்கத்தை, அதாவது நோயின் விளைவை. நரம்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு நேரான பதில் சதையில்தான் இருக்கிறது.

ஒப்பீட்டுக்குள் போவதற்கு முன்னால் ஒன்று. பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் கிளம்புங்கள். குடல் கருவிலேயே சரியாகச் சுழன்று அமராமல் இருந்து, பிறகு தன் ரத்தக்குழாயைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும் கோளாறு ஒன்று உண்டு. அதில் சில மணி நேரத்துக்குள் குடல் செத்துவிடக்கூடும். அங்கே முதலில் கேட்கும் சோதனையே வேறு. வாய்வழியாக மருந்து கொடுத்து எடுக்கும் எக்ஸ்ரே, அல்லது ரத்தக்குழாய்கள் இடம் மாறியிருக்கின்றனவா, முறுக்கு தெரிகிறதா என்று பார்க்கும் அல்ட்ராசவுண்டு. குழந்தை மிகவும் சோர்ந்திருந்தால் அதற்கும் நிற்காமல் நேரே ஆபரேஷனுக்குக் கொண்டுபோவார்கள். இங்கே நான் பேசப்போகிற நிதானம் அந்தக் குழந்தைக்குப் பொருந்தாது.

அதேபோல, ஆசனவாய்த் துவாரம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று துணியை விலக்கிக் கண்ணால் பார்ப்பதுதான் எல்லாவற்றுக்கும் முந்திய சோதனை. காசு செலவில்லாதது. அப்படியும் சில சமயம் விட்டுப்போகிறது என்பது ஆச்சரியம்தான். தைராய்டு குறைவிலும் மலம் தாமதமாகும் என்பதால் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையையும் கூடவே முடித்துவிடுவது நல்லது.

சரி, எனிமா படம். சந்தேகம் வந்ததும் பெரும்பாலும் முதலில் எழுதிக்கொடுப்பது இதைத்தான். மெல்லிய குழாய் வழியாக எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தை மலக்குடலுக்குள் மெதுவாக விட்டு, அது மேலேறுவதைப் படம் பிடிப்பார்கள். கீழே ஒடுக்கம், மேலே வீக்கம், நடுவில் புனல் போல ஒரு மாற்றம் தெரிந்தால் சந்தேகம் பலப்படும். மலக்குடல் இயல்பாகச் சிக்மாய்டைவிட அகலமாக இருக்கும். இந்த நோயில் அது தலைகீழாகும். 24 மணி நேரம் கழித்து இன்னொரு படம் எடுத்தால் திரவம் வெளியேறாமல் தங்கியிருப்பதும் தெரியும்.

எந்த ஊரிலும் ஒரு ரேடியாலஜிஸ்ட் இருந்தால் எடுத்துவிடலாம், மயக்க மருந்து வேண்டாம், அன்றைக்கே பதில். இன்னொரு லாபமும் உண்டு. ஹிர்ஷ்ஸ்ப்ரங் இல்லாத வேறு காரணங்களையும் இந்தப் படம் காட்டிக்கொடுக்கும். காட்டுப்பீ கட்டியாகி அடைத்துக்கொண்டிருந்தால் உள்ளே போன திரவமே அதை இளக்கி வெளியே தள்ளிவிடும், சோதனையே வைத்தியமாகிவிடும். (அப்படிச் சரியான பிறகும் சில குழந்தைகளுக்கு அடியில் ஹிர்ஷ்ஸ்ப்ரங் இருக்கும் என்பதால் கண்காணிப்பை விடக்கூடாது.) சர்க்கரை நோயுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு இடப்பக்கப் பெருங்குடல் தற்காலிகமாகச் சிறுத்திருப்பதும் இதில்தான் தெரியவரும். சிறுகுடலில் அடைப்பு இருந்தால் பெருங்குடல் முழுவதும் நூல் போலத் தெரியும்.

குறை என்னவென்றால், பிறந்த முதல் சில வாரங்களில் மேல்குடல் இன்னும் போதுமான அளவுக்கு வீங்கியிருக்காது, அதனால் மாற்றம் தெரியாமலே போகலாம். பெருங்குடல் முழுவதும் நரம்பில்லாத குழந்தைக்கு அப்படி ஒரு மாற்றம் பெருங்குடலில் இருக்கவே இருக்காது. அப்புறம் எங்கள் கதை. முதலில் சேர்த்த இடத்தில் நான்கு நாள் தொடர்ந்து சலைன் விட்டுக் குடலைக் கழுவினார்கள். வயிறு அழகாக வடிந்தது. ஐந்தாம் நாள் எனிமா படம் எடுத்தார்கள், “நார்மல்” என்று ரிப்போர்ட் வந்தது. கழுவிக் கழுவி வீக்கத்தையும் சேர்த்தல்லவா வடித்துவிட்டோம், படத்தில் எது தெரியும்? விரல் பரிசோதனையும் வெற்றிலைக் காம்பும்கூடப் படத்துக்கு முன்னால் வேண்டாம். இறுகிய பகுதி கொஞ்சம் விரிந்து ஏமாற்றிவிடும். 24 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டிய படத்தையும் யாரும் எடுக்கவில்லை. எனிமா படம் நார்மல் என்ற ஒரே காரணத்துக்காகச் சந்தேகத்தைக் கைவிடக்கூடாது என்பதை நாங்கள் கற்றது அப்படித்தான்.

இந்தப் படத்தை மொத்தமாகத் தள்ளிவிடவும் முடியாது. பயாப்ஸியில் நோய் உறுதியான பிறகு, எங்கிருந்து எதுவரை வெட்ட வேண்டியிருக்கும் என்று அறுவை மருத்துவர் முன்கூட்டியே ஒரு கணக்குப் போட இது வேண்டும். அதுவும் தோராயக் கணக்குதான். நல்ல குடல் எங்கே தொடங்குகிறது என்பதை ஆபரேஷன் மேஜையில் துணுக்கு எடுத்து உடனுக்குடன் பேத்தாலஜிஸ்ட் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள்.

அடுத்தது மானோமெட்ரி. மலக்குடலுக்குள் சின்ன பலூனை வைத்து ஊதுவார்கள். மலம் வந்துவிட்டது என்று நினைத்து ஆசனவாயின் உள் தசைவளையம் தானாகத் தளர வேண்டும். இந்த அனிச்சைச் செயலுக்கு நரம்புச் செல் தேவை. தளர்ந்தால் ஹிர்ஷ்ஸ்ப்ரங் இல்லை என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம். சதையை வெட்ட வேண்டாம், கதிர்வீச்சு இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அழுது புரளுகிற ஐந்து வாரக் குழந்தையிடம் அந்தக் கோடுகளை நம்பிப் படிப்பது கஷ்டம். இந்தக் கருவியும், அதைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்திப் பழகிய ஆளும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. இன்னொன்று, தளரவில்லை என்பதால் மட்டும் நோய் உறுதியாகாது. நரம்புச் செல் இருந்தும் தசைவளையம் தளராத வேறொரு கோளாறு உண்டு. ஆக, தளர்ந்தது என்றால் அங்கேயே முடிந்தது. தளரவில்லை என்றால் எப்படியும் பயாப்ஸிக்குத்தான் போக வேண்டும்.

என் கணிப்பில் மானோமெட்ரியின் சரியான இடம் நான்கு வயது, ஆறு வயதுக் குழந்தைகள். பள்ளிப் பருவ மலச்சிக்கலில் மிகப் பெரும்பாலானவை ஹிர்ஷ்ஸ்ப்ரங் கிடையாது. வலித்த நினைவில் மலத்தை அடக்கிப் பழகியவைதான். அந்தக் குழந்தை நன்றாகப் பிறந்தது, காட்டுப்பீ முதல் நாளே போனது, சிக்கல் ஆரம்பித்ததே இரண்டு மூன்று வயதில், போகும்போது கழிப்பறையே அடைக்கிற அளவுக்குப் பெரிதாகப் போகும், ஜட்டியில் கறை படும். ஹிர்ஷ்ஸ்ப்ரங் குழந்தையின் கதை வேறு. தொல்லை முதல் மாதத்திலேயே தொடங்கியிருக்கும், வயிறு உப்பியிருக்கும், எடை ஏறாது, ஜட்டியில் கறை படுவது அபூர்வம். முதல் வகைக் குழந்தையை எடுத்தவுடன் பயாப்ஸிக்கு அனுப்புவது அநியாயம். மருந்தும் பழக்கமும் பலன் தராமல் சந்தேகம் மிஞ்சினால் மானோமெட்ரி எடுத்து நிம்மதி அடையலாம்.

இனி பயாப்ஸி. அக்காவுக்கு இந்தச் சொல்லைக் கேட்டதுமே கண் கலங்கிவிட்டது. நம் வீடுகளில் பயாப்ஸி என்றால் கேன்சர் என்றுதான் அர்த்தம். இதற்கும் கேன்சருக்கும் சம்பந்தமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த குழந்தைகள் அறுவை மருத்துவர் ஹெலன் நோப்ளெட் 1969இல் இதற்காகவே ஒரு குழாயைப் பற்றி எழுதினார். பக்கவாட்டில் ஓட்டை உள்ள மெல்லிய குழாய். உள்ளே விட்டு லேசாக உறிஞ்சினால் குடலின் உட்சவ்வு ஓட்டைக்குள் வரும், உள்ளிருக்கும் கத்தி சுமார் 3 மில்லிமீட்டர் துணுக்கைச் சீவிவிடும். தையல் வேண்டாம். அந்த உயரத்தில் தோலுக்கு இருப்பது போன்ற வலி உணர்வு கிடையாது என்பதால் மயக்க மருந்தும் வேண்டாம், படுக்கையிலேயே முடிந்துவிடும். எங்கள் பையன் காலைப் பிடித்துக்கொண்டதற்குத்தான் அழுதான். ரத்தக்கசிவு, துளை விழுவது போன்ற சிக்கல்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ரத்தம் உறைகிறதா என்று முன்னால் பார்த்துக்கொண்டால் போதும்.

இது இரண்டு ஆட்களின் கைத்திறமையை நம்பியிருக்கிறது. முதலில் எடுப்பவர். ஆசனவாயின் உள்ளே தோலும் சவ்வும் சேரும் கோட்டிலிருந்து சுமார் 2 முதல் 3 சென்டிமீட்டர் மேலே எடுக்க வேண்டும். அதற்குக் கீழே ஆரோக்கியமான குழந்தைக்கே நரம்புச் செல் குறைவு. மிக மேலே போனால் நோயுள்ள குட்டைப் பகுதியைத் தாண்டி நல்ல குடலில் எடுத்துவிடும் அபாயம். ஆழமும் முக்கியம், சவ்வுக்கு அடியில் உள்ள அடுக்கு துணுக்கில் போதுமான அளவுக்கு வந்திருக்க வேண்டும். அதனால் ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று துணுக்கு எடுப்பார்கள். இத்தனைக்கும் பிறகு சில சமயம் ரிப்போர்ட்டில் “போதிய சதை இல்லை” என்று வரும். எங்களுக்கு முதல் தடவை வந்தது அதுதான். அதை “நோய் இல்லை” என்று யாரோ சொந்தக்காரர் வாசித்து, வீட்டில் பாயசம் வைக்காத குறை. போதவில்லை என்றால் திரும்ப எடு என்று மட்டும்தான் அர்த்தம்.

இரண்டாமவர் பேத்தாலஜிஸ்ட். ஒரே ஒரு நரம்புச் செல்லைப் பார்த்துவிட்டால் “இருக்கிறது” என்று எழுதிவிடலாம். “இல்லை” என்று எழுதத்தான் துணிச்சல் வேண்டும். பிறந்த குழந்தையின் நரம்புச் செல்கள் முதிராமல் சின்னதாக, பக்கத்துச் செல்களைப் போலவே இருக்கும். துணுக்கைப் பல பத்துச் சீவல்களாக வெட்டி ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். இதில் உதவுவதற்குச் சாயங்கள் உண்டு. அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் சாயம் 1970களில் வந்தது, நோயுள்ள சவ்வில் தடித்துப் பெருகியிருக்கும் நரம்பு இழைகளைக் காட்டும். ஆனால் அதற்குச் சதை புதிதாக, உறைய வைத்த நிலையில் வேண்டும். சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டால் அவ்வளவுதான். சென்ற இருபது ஆண்டுகளில் பரவிய கால்ரெட்டினின் சாயத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஃபார்மலினில் போட்டு, மெழுகுக் கட்டியில் பதித்த சதையிலேயே பார்க்கலாம். நல்ல குடலில் மெல்லிய இழைகள் பழுப்பு நிறத்தில் எடுக்கும், நரம்பில்லாத குடலில் எதுவும் எடுக்காது. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், கால்ரெட்டினின் செய்கிற, குழந்தைகளின் துணுக்குகளை அடிக்கடி பார்க்கிற லேப் உள்ள இடத்துக்குப் போங்கள். எடுக்கும் இடத்தைவிடப் படிக்கும் கண் முக்கியம்.

உறிஞ்சி எடுக்கும் முறை கைக்குழந்தைகளுக்குத்தான் நன்றாக அமையும். வயது கூடக் கூடச் சவ்வு தடித்து, துணுக்கு ஆழமில்லாமல் போகும். பெரிய குழந்தைக்கும், இரண்டு முறை எடுத்தும் போதவில்லை என்றானவர்களுக்கும் மயக்கம் கொடுத்து, குடல் சுவரின் முழுத் தடிமனுக்கும் ஒரு கீற்று வெட்டியெடுத்துத் தையல் போடுவார்கள். பதில் தெளிவாக இருக்கும். விலை, மயக்க மருந்தும் தையலும் தழும்பும். பின்னால் செய்யப்போகும் ஆபரேஷனுக்கு அந்தத் தழும்பு கொஞ்சம் இடைஞ்சல்.

எண்களில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 2006இல் வெளியான ஒரு டச்சுத் தொகுப்பாய்வு பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டது. நோயுள்ள நூறு குழந்தைகளில் உறிஞ்சு பயாப்ஸி 93 பேரையும், மானோமெட்ரி 91 பேரையும், எனிமா படம் 70 பேரையும் பிடித்தன. நோயில்லாத நூறு பேரில் சரியாக “இல்லை” என்று சொன்னது முறையே 98, 94, 83. எனிமா படம் நோயுள்ள நூறு பேரில் 30 பேரைக் கோட்டை விடுகிறது என்பதை எங்கள் ரிப்போர்ட்டை வாசித்த அன்று யாராவது சொல்லியிருக்கலாம்.

வரிசையும் கவனிக்க வேண்டியது. பயாப்ஸி எடுத்த கையோடு எனிமா படம் எடுத்தால் புண் உள்ள இடத்தில் அழுத்தம் கொடுத்துத் துளை விழ வாய்ப்பு. அதனால் படம் முதலில், பயாப்ஸி பிறகு. குழந்தைக்குக் காய்ச்சல், வயிறு கல் போல உப்பல், நாற்றமடிக்கும் தண்ணீர் போன்ற வயிற்றுப்போக்கு என்று வந்தால் அது குடல் அழற்சி, இந்த நோயில் உயிரை எடுப்பது பெரும்பாலும் அதுதான். அப்போது எனிமா படம் கூடவே கூடாது. ட்ரிப்ஸ், ஆன்டிபயாட்டிக், குடலைக் கழுவுதல் என்று முதலில் குழந்தையைத் தேற்ற வேண்டும், சோதனை காத்திருக்கட்டும். மலச்சிக்கல் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்ததும் “அடைப்பு திறந்துவிட்டது” என்று சந்தோஷப்படுவது எங்கள் வீட்டிலும் நடக்கவிருந்தது.

நிறைமாதமாகப் பிறந்து 48 மணி நேரம் ஆகியும் காட்டுப்பீ போகாமல் வயிறு உப்பிய குழந்தை என்றால், சாதாரண எக்ஸ்ரே, கழுவுவதற்கு முன் எனிமா படம், அது எப்படி வந்தாலும் உறிஞ்சு பயாப்ஸி. நான் இந்தப் பாதையைத்தான் கேட்டு வாங்குவேன். குறைமாதக் குழந்தைக்குத் தாமதம் சகஜம் என்பதால் வயிறும் பால் குடிப்பதும் நன்றாக இருக்கும்வரை பொறுத்துப் பார்க்கலாம். முதல் நாளே காட்டுப்பீ போன குழந்தைக்கு இந்த நோய் வராது என்றும் இல்லை, கணிசமானவர்களுக்குப் போயிருக்கிறது. ஆர்இடி போன்ற ஜீன் சோதனையால் நோய் இருக்கிறதா என்று தீர்மானிக்க முடியாது. நீளமான பகுதி பாதித்திருந்தாலோ, குடும்பத்தில் இன்னொருவருக்கு இருந்தாலோ அதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

எங்கள் இரண்டாம் பயாப்ஸியில் மூன்று துணுக்கு எடுத்தார்கள். நரம்புச் செல் இல்லை, இழைகள் தடித்திருக்கின்றன, கால்ரெட்டினின் எடுக்கவில்லை என்று ஆறாம் நாள் வந்தது. ஆபரேஷன் செய்யப்போகிறவர் வேறு ஊரில் இருந்தார். அவர் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு கத்தி எடுக்க மாட்டேன், மெழுகுக் கட்டியையும் சீவல்கள் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளையும் கொண்டுவாருங்கள், எங்கள் பேத்தாலஜிஸ்ட் ஒரு தடவை பார்க்கட்டும் என்றார். லேபில் எழுதிக் கொடுத்தால் தருவார்கள் என்பதே எங்களுக்கு அன்றுவரை தெரியாது. அக்கா அதைக் கைக்குட்டையில் சுற்றி, பஸ்ஸில் ஏழு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.